விம் எடிட்டரைப் பழகுவது எப்படி: வெளியேறுவதில் தொடங்கி மேக்ரோ வரை

விம் என்பது உரைக் கோப்புகளை விசைப்பலகையாலேயே எழுதித் திருத்தும் எடிட்டர். அதைத் திறந்துவிட்டு, மூடத் தெரியாமல் டெர்மினலையே (கட்டளைகள் தட்டும் சாளரத்தையே) மூடிவிடுகிறவர்கள் ஏராளம். அதனால் வெளியே வரும் வழியை முதலில் சொல்லிவிடுகிறோம். எஸ்கேப் விசையைத் தட்டுங்கள். பிறகு கோலன், கியூ, ஆச்சரியக்குறி, கடைசியில் என்டர். செய்த மாற்றம் எதையும் சேமிக்காமல் விம் மூடிக்கொள்ளும். சேமித்துவிட்டு வெளியேற வேண்டுமென்றால் எஸ்கேப், கோலன், டபிள்யூ, கியூ, என்டர். இந்த இரண்டும் கைவசம் இருந்தால் மற்ற விசைகளைப் பயமில்லாமல் தட்டிப் பார்க்கலாம்.

விசைகளை இங்கே எழுதியிருக்கும் விதத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். ‘ஜே’ என்றால் விசைப்பலகையில் அந்த ஆங்கில எழுத்து இருக்கும் விசை. ‘டி டபிள்யூ’ என்றால் ஒன்றை விட்டபின் மற்றொன்று. சேர்த்து அழுத்தக் கூடாது. ‘ஷிஃப்ட் ஜி’, ‘கண்ட்ரோல் ஆர்’ என்று வந்தால் மட்டும் முதல் விசையைப் பிடித்துக்கொண்டு அடுத்ததைத் தட்டுங்கள். ‘டி’ எங்கே வந்தாலும் அது டெலீட்டின் முதலெழுத்து. ‘பி’ என்ற ஒலியில் இரண்டு விசைகள் இருப்பதால், ஒட்டும் விசையைப் ‘பேஸ்ட்-பி’ என்றும், பின்னால் போகும் விசையைப் ‘பேக்-பி’ என்றும் பிரித்துச் சொல்கிறோம்.

## எழுத்தைத் தட்டினால் ஏன் எழுத்து வருவதில்லை

விம்மின் மூதாதை வி-ஐ என்ற எடிட்டர். 1976-இல் பில் ஜாய் அதை உருவாக்கியபோது மவுஸ் கிடையாது. கணினியோடு பேசும் இணைப்பும் மிக மெதுவானது. ஏடிஎம்-3ஏ என்ற டெர்மினலில் எச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்புக்குறிகள் அச்சாகியிருந்தன. இன்று டேப் விசை இருக்கும் இடத்தில் எஸ்கேப் இருந்தது. அந்த விசைப்பலகையின் அமைப்பை இன்றைய விம் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது. பிராம் மோலனார் 1991-இல் விம்மை அமிகா கணினிக்காக வெளியிட்டு, 2023-இல் இறக்கும்வரை அதைப் பராமரித்தார். 2014-இல் அதிலிருந்து கிளைத்தது நியோவிம். இந்த வழிகாட்டியில் உள்ள விசைகள் இரண்டிலும் வேலை செய்யும்.

ஒரு கோப்போடு நாம் செலவழிக்கும் நேரத்தில் புதிதாக எழுதுவது கொஞ்சம்தான். படிப்பது, தேடுவது, ஒரு சொல்லை மாற்றுவது, ஒரு வரியை இடம் மாற்றுவது ஆகியவைதான் அதிகம். விம் இந்த வேலைகளுக்கு முழு விசைப்பலகையையும் கொடுத்துவிடுகிறது. எழுத்து எழுதுவதற்குத் தனியாக ஒரு முறைக்குள் போய்த் திரும்ப வேண்டும். தொடக்கத்தில் எரிச்சல் தரும் ஏற்பாடு இதுதான். ஆனால் மற்ற வசதிகள் எல்லாம் இதிலிருந்துதான் பிறக்கின்றன.

நார்மல் முறை என்பது வீடு. விம் திறந்ததும் நீங்கள் இருப்பது இங்கேதான். இங்கே ஒவ்வொரு எழுத்தும் ஒரு கட்டளை. ‘ஐ’ தட்டினால் இன்செர்ட் முறை வரும். திரையின் அடியில் இரு பக்கமும் கோடுகளுடன் ‘இன்செர்ட்’ என்று தெரியும். இப்போது தட்டுவது உரையாக விழும். எஸ்கேப் தட்டினால் மறுபடி வீடு. விஷுவல் முறை உரையைத் தேர்ந்தெடுக்க. கோலன் தட்டினால் வருவது அடிவரிக் கட்டளை. எங்கே இருக்கிறோம் என்று குழப்பமாக இருந்தால் எஸ்கேப்பை இரண்டு முறை தட்டுங்கள். கூடுதலாகத் தட்டினால் ஒரு பீப் ஒலி வரலாம். வேறு ஒன்றும் ஆகாது.

## நிறுவுதலும் முதல் அரைமணி நேரமும்

மேக் கணினியில் விம் ஏற்கெனவே இருக்கிறது. விண்டோஸில் ஜிவிம் (தனிச் சாளரத்தில் ஓடும் விம்) நிறுவிக்கொள்ளலாம். நிரலின் பதிப்புகளைக் காக்கும் கிட் ஃபார் விண்டோஸ் நிறுவியிருந்தால் அதனுடனேயே ஒரு விம் வந்திருக்கும். லினக்ஸில் ஒரு பொறி உண்டு. டெபியன், உபுண்டு போன்றவற்றில் தொடக்கத்திலேயே இருப்பது பெரும்பாலும் விம்-டைனி என்ற சுருங்கிய வடிவம். அதில் வண்ணங்கள் வராது. இன்செர்ட் முறையில் அம்புக்குறி விசையைத் தட்டினால் கர்சர் நகராமல் ஏ, பி, சி, டி என்று எழுத்துகள் விழும். விசைப்பலகை பழுதாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். ‘விம்’ என்ற முழுத் தொகுப்பை நிறுவினால் சரியாகிவிடும்.

நிறுவியதும் டெர்மினலில் ‘விம்டியூட்டர்’ என்று, இடைவெளி இல்லாமல், ஆங்கிலத்தில் தட்டுங்கள். விம்முடனேயே வரும் பயிற்சி இது. முடிக்க ஏறக்குறைய அரைமணி நேரம் ஆகும். பாடத்தின் நகல் ஒன்றைத்தான் அது திறக்கிறது. எவ்வளவு கெடுத்தாலும் மூலப்பாடம் கெடாது. நியோவிம்மில் உள்ளே போய், கோலன் போட்டு ‘டியூட்டர்’ என்று முதலெழுத்தைப் பெரிய எழுத்தாகத் தட்ட வேண்டும். இந்தப் பயிற்சியை ஒருமுறை செய்தால் போதாது. மூன்று நாள், நாளுக்கு ஒருமுறை செய்யுங்கள். முதல் நாளில் கண்ணுக்குத் தெரிந்தது மூன்றாவது நாளில் விரலுக்குத் தெரிந்திருக்கும்.

பழகும் காலத்தில் அவசர வேலைக் கோப்பைத் தொடாதீர்கள். குறிப்புகள், பழைய நிரலின் நகல் போன்றவற்றில் பழகுங்கள். விசைப்பலகையைப் பார்த்துத்தான் தட்டுகிறீர்கள் என்றால், பார்க்காமல் தட்டும் பயிற்சியை முதலில் செய்வது நல்லது. கண் கீழே போனால் எந்த முறையில் இருக்கிறோம் என்பது தவறிவிடும்.

## உள்ளே போகும் வாசல்கள்

இன்செர்ட் முறைக்கு ஒரே ஒரு வாசல் இல்லை. ‘ஐ’ தட்டினால் கர்சருக்கு முன்னால் எழுதலாம், ‘ஏ’ தட்டினால் கர்சருக்குப் பின்னால். ‘ஷிஃப்ட் ஐ’ வரியின் தொடக்கத்துக்கும் ‘ஷிஃப்ட் ஏ’ வரியின் முடிவுக்கும் கர்சரைக் கொண்டுபோய் அங்கேயே எழுத விடும். ‘ஓ’ கீழே ஒரு புது வரியைத் திறக்கும்; ‘ஷிஃப்ட் ஓ’ மேலே. புதியவர்கள் ‘ஐ’ ஒன்றையே வைத்துக்கொண்டு, வரிக்கடைசி வரை அம்புக்குறியில் நடந்துபோய் எழுதுவார்கள். ‘ஷிஃப்ட் ஏ’ ஒன்றைப் பழகினாலே பாதி நடை மிச்சம்.

எழுதும்போது நேரும் சின்னப் பிழைகளைத் திருத்த வெளியே வரத் தேவையில்லை. இன்செர்ட் முறையிலேயே ‘கண்ட்ரோல் டபிள்யூ’ பின்னாலுள்ள ஒரு சொல்லை அழிக்கும். ‘கண்ட்ரோல் யூ’ அந்த வரியில் இப்போது தட்டியதை அழிக்கும்.

இப்போது, மொத்த வழிகாட்டியிலும் நாங்கள் அதிகம் வலியுறுத்தும் பழக்கம்: எழுதவேண்டியதை எழுதி முடித்ததும், யோசிக்கத் தொடங்கும் முன்பே எஸ்கேப் தட்டிவிடுங்கள். இது வெறும் ஒழுங்குக்காக அல்ல. இன்செர்ட் முறைக்குள் போனதிலிருந்து எஸ்கேப் வரை நீங்கள் தட்டியதை விம் ஒரே மாற்றமாகக் கணக்கு வைக்கிறது. ‘யூ’ தட்டினால் அந்த மாற்றம் முழுவதும் ரத்தாகும். புள்ளி தட்டினால் அது முழுவதும் மறுபடி நடக்கும். அரைமணி நேரம் உள்ளேயே இருந்து மூன்று பத்தி எழுதிவிட்டு, ஒரு சொல்லை ரத்துசெய்ய ‘யூ’ தட்டினால், மூன்று பத்தியும் ஒரே அடியில் மறையும். பதற வேண்டாம், ‘கண்ட்ரோல் ஆர்’ அதைத் திருப்பித் தரும். இன்செர்ட் முறையிலேயே அம்புக்குறியால் இங்குமங்கும் நகர்ந்தாலும் கணக்கு சிதறும். நகர்வுக்கு முன்னும் பின்னும் தனித்தனி மாற்றங்களாகப் பிரிந்துவிடும்; புள்ளி விசைக்குக் கடைசித் துண்டு மட்டுமே நினைவிருக்கும்.

ஆகவே ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு வாக்கியமாகப் பாருங்கள். எஸ்கேப் அதன் முற்றுப்புள்ளி.

எஸ்கேப் தொலைவில் இருப்பது உண்மைதான். ‘கண்ட்ரோல்’ உடன் இடது சதுர அடைப்புக்குறி தட்டினாலும் அதே பலன். கேப்ஸ்லாக் விசையை எஸ்கேப்பாக மாற்றிக்கொள்வது அதைவிட வசதி. மேக்கில் விசைப்பலகை அமைப்புகளிலேயே இதற்கு இடம் இருக்கிறது. விண்டோஸில் பவர்டாய்ஸ் என்ற கருவி செய்யும்.

## நகர்வு

‘எச்’ இடது, ‘ஜே’ கீழே, ‘கே’ மேலே, ‘எல்’ வலது. இந்த நான்கையும் பழக்கத்துக்குக் கொண்டுவர அம்புக்குறி விசைகளையே செயலிழக்கச் செய்யச் சொல்லும் அறிவுரை ஒன்று உலவுகிறது. அது தேவையில்லை. எழுத்தெழுத்தாக நகர்வதுதான் மெதுவானது. எந்த விசையால் நகர்ந்தாலும் மெதுவுதான். கவனம் போகவேண்டியது பெரிய தாவல்கள்மேல்.

‘டபிள்யூ’ அடுத்த சொல்லின் தொடக்கம், ‘பேக்-பி’ முந்தைய சொல்லின் தொடக்கம், ‘இ’ சொல்லின் முடிவு. பூஜ்யம் வரியின் முதல் இடம், தொப்பிக்குறி வரியின் முதல் எழுத்து, டாலர் குறி வரியின் கடைசி. ‘ஜி ஜி’ கோப்பின் உச்சி, ‘ஷிஃப்ட் ஜி’ அடி. 42 தட்டிவிட்டு ‘ஷிஃப்ட் ஜி’ தட்டினால் 42-ஆவது வரி. ‘கண்ட்ரோல் டி’ அரைப்பக்கம் கீழே, ‘கண்ட்ரோல் யூ’ அரைப்பக்கம் மேலே. சதவீதக் குறி ஒரு அடைப்பிலிருந்து அதன் ஜோடி அடைப்புக்குத் தாவும். நிரல் எழுதுகிறவர்களுக்கு இது ஒரு வரம்.

ஒரே வரிக்குள் ‘எஃப்’ தட்டி ஒரு எழுத்தைத் தட்டினால் அந்த எழுத்துக்குத் தாவும். அதே எழுத்து மறுபடி எங்கே என்றால் அரைப்புள்ளி. திரும்பிப் போக காற்புள்ளி. கண்ணுக்குத் தெரிகிற தொலைவான இடத்துக்கு நடக்காதீர்கள், தேடுங்கள்: சாய்கோடு, அங்கிருக்கும் சொல்லின் முதல் மூன்று நான்கு எழுத்து, என்டர். அடுத்த இடத்துக்கு ‘என்’, முந்தைய இடத்துக்கு ‘ஷிஃப்ட் என்’. கர்சர் நிற்கும் சொல்லையே தேட நட்சத்திரக் குறி ஒன்று போதும். தாவிய இடத்திலிருந்து பழைய இடத்துக்குத் திரும்ப ‘கண்ட்ரோல் ஓ’.

## வினையும் இலக்கும்

கட்டளைகளை அட்டவணையாக மனப்பாடம் செய்தால் ஒரு மாதத்தில் மறந்துவிடும். விம்முக்கு ஓர் இலக்கணம் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டால் பார்த்திராத கட்டளையைக்கூட நீங்களே கட்டிவிடலாம்.

முதலில் வினை. ‘டி’ வெட்டு, ‘சி’ வெட்டிவிட்டு அங்கேயே எழுது, ‘ஒய்’ நகலெடு, வலது கோணக்குறி உள்தள்ளு, இடது கோணக்குறி வெளித்தள்ளு. வினையைத் தொடர்ந்து எதுவரை என்பது. மேலே பழகிய நகர்வுகள் எல்லாம் இங்கே இலக்காக வந்து நிற்கும். ‘டி டபிள்யூ’ அடுத்த சொல்லின் தொடக்கம்வரை வெட்டும். ‘டி’ தட்டி டாலர் குறி தட்டினால் வரிக்கடைசிவரை. ‘ஒய் ஷிஃப்ட் ஜி’ இந்த வரியிலிருந்து கோப்பின் அடிவரை நகல். ‘டி’, சாய்கோடு, ஒரு சொல், என்டர் என்றால் அந்தச் சொல் வரும் இடம்வரை வெட்டு. வினையையே இரட்டித்தால் முழு வரி: ‘டி டி’, ‘சி சி’, ‘ஒய் ஒய்’. எண்ணும் சேர்க்கலாம்: 3 தட்டி ‘டி டி’ என்றால் மூன்று வரிகள்.

ஒரு விதிவிலக்கு குழப்பும். ‘டி டபிள்யூ’ சொல்லோடு அதன்பின் வரும் இடைவெளியையும் எடுத்துவிடும்; ‘சி டபிள்யூ’ இடைவெளியை விட்டுவிடும். சொல்லை மாற்றும்போது இடைவெளி இருந்தாக வேண்டுமே, அதற்காகச் செய்த சலுகை.

இலக்கில் இன்னொரு வகை உண்டு. விம்மை விட முடியாமல் செய்வது இதுதான். நகர்வு, கர்சர் நிற்கும் இடத்திலிருந்து கணக்கிடும். உரைப்பொருள், கர்சர் எதற்குள் நிற்கிறது என்று பார்க்கும். ‘ஐ’ என்றால் உள்ளே இருப்பது மட்டும், ‘ஏ’ என்றால் சுற்றியிருப்பதும் சேர்த்து. ‘சி ஐ டபிள்யூ’: கர்சர் சொல்லின் நடுவில் நின்றாலும் முழுச் சொல்லையும் எடுத்துவிட்டு எழுத விடும். ‘சி ஐ’ தட்டி இரட்டை மேற்கோள் குறி தட்டினால், மேற்கோள்களுக்கு இடையே இருப்பது போய், மேற்கோள்கள் மட்டும் நிற்கும். ‘டி ஐ’ தட்டி அடைப்புக்குறி தட்டினால் அடைப்புக்குள் இருப்பது காலியாகும். ‘டி ஏ’ தட்டி அதே குறி தட்டினால் அடைப்பும் சேர்ந்து போகும். ‘டி ஏ’ தட்டிப் ‘பேஸ்ட்-பி’ தட்டினால் ஒரு பத்தியே போகும்; இங்கே அந்த விசை பாராகிராஃபின் முதலெழுத்து. மேற்கோள் விஷயத்தில் இன்னொரு சௌகரியமும் உண்டு. கர்சர் மேற்கோளுக்குள் இல்லாமல் அதே வரியில் அதற்கு முன்னால் நின்றாலும், விம் அடுத்த மேற்கோளைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும்.

‘ஐ’, ‘ஏ’ இரண்டுக்கும் தனியாகத் தட்டும்போது வேறு பொருள் இருந்ததே என்று தோன்றலாம். வினைக்குப் பின்னால் வரும்போது மட்டும் அவை இலக்கின் முன்னொட்டு. ‘சி’ தட்டியபின் விம் இலக்குக்காகக் காத்திருக்கிறது, அதனால் குழப்பிக்கொள்ளாது. பாதியில் மனம் மாறினால் எஸ்கேப்.

## புள்ளி விசை

கடைசி மாற்றத்தைப் புள்ளி மறுபடி செய்யும். இதன் பயன் வாக்கியம் முழுமையாக இருப்பதைப் பொறுத்தது. ஒரு கோப்பில் ஒரு பெயர் பத்து இடத்தில் இருக்கிறது, அதில் சில இடங்களில் மட்டும் மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பெயரின் மேல் நின்று நட்சத்திரக் குறி தட்டுங்கள். அடுத்த இடத்துக்குப் போவீர்கள். ‘சி ஐ டபிள்யூ’, புதிய பெயர், எஸ்கேப். இனி ‘என்’ தட்டி அடுத்த இடம் பாருங்கள். மாற்ற வேண்டுமானால் புள்ளி, வேண்டாமானால் மறுபடி ‘என்’. அவ்வளவுதான்.

இதே வேலையைப் பெயரின் முடிவில் நின்று பேக்ஸ்பேஸால் அழித்து எழுதியிருந்தால், புள்ளி உதவாது. ‘என்’ பெயரின் தொடக்கத்தில்தான் கொண்டுபோய் நிறுத்தும், அங்கிருந்து புள்ளி தவறான எழுத்துகளை அழிக்கும். ‘எக்ஸ்’ தட்டி எழுத்தெழுத்தாக வெட்டியிருந்தால் புள்ளி ஓர் எழுத்தை மட்டும் வெட்டும். வரிக்கடைசியில் அரைப்புள்ளி சேர்க்க, டாலர் தட்டி ‘ஏ’ தட்டுவதற்குப் பதிலாக ‘ஷிஃப்ட் ஏ’ தட்டச் சொல்வதும் இதனால்தான். முதல் வழியில் நகர்வு ஒரு செயல், எழுதுவது ஒரு செயல். புள்ளிக்கு நகர்வு தெரியாது. இரண்டாவதில் எல்லாம் ஒரே செயல். அடுத்த வரிக்குப் போய்ப் புள்ளி, அதற்கடுத்த வரியில் புள்ளி என்று போய்க்கொண்டே இருக்கலாம்.

## வெட்டியது எங்கே போகிறது

‘டி’ வெட்டியதும் ‘ஒய்’ நகலெடுத்ததும் ஒரே பொதுக் கிடங்குக்குப் போகும். ‘பேஸ்ட்-பி’ அதைக் கர்சருக்குப் பின்னால் ஒட்டும். ஷிஃப்டோடு தட்டினால் முன்னால். முழு வரியாக எடுத்தது முழு வரியாகவே கீழே ஒட்டும். ஆகவே ‘டி டி’ தட்டிப் ‘பேஸ்ட்-பி’ தட்டினால் இரண்டு வரிகள் இடம் மாறும்.

எல்லோரும் விழும் குழி இங்கே இருக்கிறது. ஒரு சொல்லை நகலெடுக்கிறீர்கள். வேறோர் இடத்துக்குப் போய் அங்கிருக்கும் சொல்லை ‘டி’ போட்டு நீக்குகிறீர்கள். ஒட்டினால் இப்போது நீக்கிய சொல்லே வருகிறது. வெட்டும் செயல் பொதுக் கிடங்கை நிரப்பிவிட்டது. நகலெடுத்தது தொலையவில்லை, பூஜ்யக் கிடங்கில் பத்திரமாக இருக்கிறது. இரட்டை மேற்கோள் குறி, பூஜ்யம், ‘பேஸ்ட்-பி’ தட்டுங்கள், வரும்.

வேறு மென்பொருளுக்கு எடுத்துப்போக வேண்டியதற்கு இரட்டை மேற்கோள், கூட்டல் குறி, பிறகு ‘ஒய்’யும் இலக்கும். இது வேலை செய்யவில்லையென்றால் விம்மின் பதிப்பு விவரத்தைப் பாருங்கள்: கோலன், ‘வெர்ஷன்’, என்டர். பட்டியலில் ‘கிளிப்போர்ட்’ என்ற சொல்லுக்கு முன் கழித்தல் குறி இருந்தால் அந்த வசதி இல்லாமல் உருவாக்கப்பட்ட விம் அது. ஜிவிம் அல்லது விம்-ஜிடிகே3 தொகுப்பை நிறுவினால் கிடைக்கும்.

விஷுவல் முறையில் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ‘வி’ எழுத்தளவில், ‘ஷிஃப்ட் வி’ வரியளவில், ‘கண்ட்ரோல் வி’ நெடுக்குப் பத்தியாக. தேர்ந்தெடுத்துவிட்டு வினையைத் தட்டுங்கள். நெடுக்காகத் தேர்ந்து ‘ஷிஃப்ட் ஐ’ தட்டி எழுதினால் முதல் வரியில் மட்டுமே எழுத்து தெரியும். எஸ்கேப் தட்டியபிறகே மற்ற வரிகளிலும் வந்து நிற்கும். வேலை செய்யவில்லை என்று நடுவில் கைவிட்டுவிடாதீர்கள்.

## தேடி மாற்றுதல்

கோப்பு முழுவதும் மாற்ற: கோலன், சதவீதக் குறி, ‘எஸ்’, சாய்கோடு, பழைய சொல், சாய்கோடு, புதிய சொல், சாய்கோடு, ‘ஜி’, என்டர். சதவீதக் குறியை விட்டால் கர்சர் இருக்கும் வரியில் மட்டுமே மாறும். கடைசி ‘ஜி’யை விட்டால் ஒவ்வொரு வரியிலும் முதல் இடம் மட்டுமே மாறும். பாதி மாறிப் பாதி மாறாமல் நிற்பதற்கு இதுவே காரணம்.

பழகும்வரை ‘ஜி’க்குப் பின் ‘சி’யும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் இடத்திலும் நின்று கேட்கும்: ‘ஒய்’ மாற்று, ‘என்’ விடு, ‘ஏ’ மிச்சம் எல்லாவற்றையும் மாற்று, ‘கியூ’ நிறுத்து. தேடும் சொல்லில் புள்ளி இருந்தால் கவனம் தேவை. தேடலில் புள்ளிக்கு ‘ஏதாவது ஓர் எழுத்து’ என்று பொருள். அதற்கு முன் பின்சாய்கோடு போடுங்கள். கோப்பு முகவரிபோல் சாய்கோடுகள் நிறைந்த சொல் என்றால், பிரிக்கும் குறியாகச் சாய்கோட்டுக்குப் பதில் ஹேஷ் குறியையே மூன்று இடத்திலும் போடலாம், விம் ஏற்றுக்கொள்ளும்.

## அமைப்புக் கோப்பு

உங்கள் முகப்புக் கோப்புறையில் புள்ளியில் தொடங்கும் ‘விம்ஆர்சி’ என்ற கோப்பு. விண்டோஸில் புள்ளிக்குப் பதில் அடிக்கோடு. இதை உருவாக்கியதும் பலருக்கு நிரல் வண்ணங்கள் காணாமல்போகும். அந்தக் கோப்பு இல்லாதவரை விம் 8-உம் அதற்குப் பிந்தையவையும் தங்கள் இயல்பு அமைப்பை ஏற்றிக்கொள்கின்றன. உங்கள் கோப்பு வந்ததும் அதை விட்டுவிடுகின்றன. முதல் வரியாக ‘சோர்ஸ்’, இடைவெளி, டாலர் குறி, பெரிய எழுத்துகளில் ‘விம்ரன்டைம்’, சாய்கோடு, ‘டிஃபால்ட்ஸ்’, புள்ளி, ‘விம்’ என்று எழுதினால் எல்லாம் திரும்பிவிடும். நியோவிம்முக்கு இந்த வரி வேண்டாம்; அதன் அமைப்புக் கோப்பும் வேறு இடத்தில் இருக்கிறது.

அடுத்த வரிகள் ஒவ்வொன்றும் ‘செட்’ என்று தொடங்கும். ‘நம்பர்’ வரி எண்களைக் காட்டும். ‘ரிலேட்டிவ்நம்பர்’ கர்சரிலிருந்து எத்தனை வரி தள்ளி என்று காட்டும். ஏழு வரி கீழே தெரிந்தால் 7 தட்டி ‘ஜே’. ‘இக்னோர்கேஸ்’, ‘ஸ்மார்ட்கேஸ்’ இரண்டையும் சேர்த்தே வையுங்கள்: சின்ன எழுத்தில் தேடினால் எல்லாம் கிடைக்கும், பெரிய எழுத்து ஒன்று கலந்தால் சரியாக அதுவே கிடைக்கும். ‘எச்எல்சர்ச்’ தேடியதை ஒளிரவைக்கும். ஒளி கண்ணை உறுத்தினால் கோலன், ‘நோஎச்’, என்டர். உள்தள்ளலுக்கு ‘எக்ஸ்பாண்ட்டேப்’ ஒரு வரி, ‘ஷிஃப்ட்விட்த்’ சமக்குறி 4 ஒரு வரி.

‘அன்டூஃபைல்’ வைத்தால், கோப்பை மூடித் திறந்தபிறகும் பழைய மாற்றங்களை ரத்துசெய்யலாம். ஆனால் அதோடு ‘அன்டூடிர்’ அமைப்பில் ஒரு கோப்புறையைக் குறிப்பிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு கோப்பின் பக்கத்திலும் ஒரு துணைக்கோப்பு முளைக்கும். அந்தக் கோப்புறையை நீங்களே உருவாக்க வேண்டும். விம் உருவாக்காது, குறை சொல்லாமல் சும்மாவும் இருந்துவிடும்.

முதல் மாதத்தில் பிளகின் (விம்மோடு சேர்க்கும் துணை நிரல்) எதுவும் வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. யாரோ தயாரித்த பெரிய அமைப்புக் கோப்பை நகலெடுத்துப் போட்டால், ஒரு விசை எதிர்பாராதபடி நடக்கும்போது அது விம்மின் வேலையா பிளகின் வேலையா என்று பிரித்தறிய வழியிருக்காது.

## மாட்டிக்கொள்ளும் இடங்கள்

திரை உறைந்துவிட்டது, எந்த விசைக்கும் பதில் இல்லை. பழக்கதோஷத்தில் சேமிக்க ‘கண்ட்ரோல் எஸ்’ தட்டியிருப்பீர்கள். விம் அல்ல, டெர்மினல்தான் நிறுத்திவைத்திருக்கிறது. ‘கண்ட்ரோல் கியூ’ தட்டினால் ஓடும்.

விம் திடீரென மறைந்து கட்டளை வரி வந்துவிட்டது. ‘கண்ட்ரோல் இசட்’ பட்டிருக்கும். விம் பின்னணியில் உறங்குகிறது. ‘எஃப் ஜி’ என்று தட்டி என்டர் அடித்தால் விட்ட இடத்திலேயே திரும்பும்.

வரிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, கையேட்டுப் பக்கம் திறக்கிறது. கேப்ஸ்லாக் விழுந்திருக்கிறது. பெரிய ‘ஜே’ அடுத்த வரியை இணைக்கும், பெரிய ‘கே’ கையேட்டைத் தேடும். விளக்கை அணைத்துவிட்டு ‘யூ’ தட்டிச் சரிசெய்யுங்கள்.

அடியில் ‘ரெகார்டிங்’ என்று நிற்கிறது: வெளியேற முயன்று ‘கியூ’ தட்டி, வேறொரு எழுத்தும் பட்டதால் பதிவு தொடங்கிவிட்டது. மறுபடி ‘கியூ’. கோலனையும் கியூவையும் முன்பின்னாகத் தட்டினால் கீழே பழைய கட்டளைகளின் சாளரம் ஒன்று திறக்கும். அதை மூட கோலன், ‘கியூ’, என்டர்.

பிழைச் செய்தி 37, சேமிக்காத மாற்றம் இருக்கிறது என்கிறது. சேமியுங்கள், அல்லது ஆச்சரியக்குறி சேர்த்து வெளியேறுங்கள். 212 வந்தால் அந்த இடத்தில் எழுத உங்களுக்கு அனுமதி இல்லை, அல்லது அந்தக் கோப்புறையே இல்லை. எழுதியதை இழக்க வேண்டாம்: கோலன், ‘டபிள்யூ’, இடைவெளி, உங்கள் முகப்புக் கோப்புறையில் வேறொரு பெயர். கணினி அமைப்புக் கோப்புகளை அடுத்தமுறை ‘சுடோஎடிட்’ (நிர்வாகி அனுமதியோடு திருத்தும் கட்டளை) வழியாகத் திறங்கள்.

325 புதியவர்களை மிகவும் மிரட்டும். திரை முழுக்கச் செய்தி. நீங்கள் எழுதுவதை விம் அவ்வப்போது ஸ்வாப் கோப்பில் எழுதிவைக்கிறது. அப்படி ஒன்று ஏற்கெனவே கிடக்கிறது என்கிறது, அவ்வளவே. இரண்டு காரணங்கள்தான். அதே கோப்பு வேறொரு சாளரத்தில் திறந்திருக்கலாம். அப்படியானால் ‘கியூ’ தட்டி விலகி அங்கே போய் வேலைசெய்யுங்கள், இரண்டு இடத்தில் திருத்தினால் ஒன்று மற்றதை அழிக்கும். அல்லது முன்பு மின்சாரமோ இணைப்போ அறுந்திருக்கலாம். அப்போது ‘ஆர்’ தட்டி மீட்டு, வேறு பெயரில் சேமித்து, மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். திருப்தியானபின் கோப்பை மறுபடி திறந்து ‘டி’ தட்டி ஸ்வாப்பை நீக்குங்கள். நீக்காதவரை அதே மிரட்டல் தினமும் வரும். படிக்காமலே ‘டி’ தட்டுவதுதான் ஆபத்து. மீட்க இருந்த ஒரே பிரதியும் போய்விடும்.

இணையத்திலிருந்து ஒட்டிய நிரல் படிக்கட்டுபோல் வலப்பக்கம் இறங்கிக்கொண்டே போகிறதா? ஒட்டும் ஒவ்வொரு வரியையும் நீங்கள் தட்டுவதாக நினைத்து விம் உள்தள்ளுகிறது. ‘யூ’ தட்டுங்கள், கோலன், ‘செட் பேஸ்ட்’, என்டர், இன்செர்ட் முறையில் ஒட்டுங்கள், முடிந்ததும் ‘செட் நோபேஸ்ட்’. புதிய விம்மும் நல்ல டெர்மினலும் இருந்தால் இந்தத் தொல்லை வராது.

தமிழில் எழுதுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. எஸ்கேப் தட்டி நார்மல் முறைக்கு வந்தபிறகும் உள்ளீடு தமிழிலேயே இருந்தால் கட்டளைகள் எதுவும் புரியாது. மொழியை மாற்றும் விசையையும் எஸ்கேப்போடு சேர்த்தே பழகுங்கள். பல டெர்மினல்களில் உயிர்மெய் எழுத்துகள் சிதறித் தெரியும். அது டெர்மினல் எழுத்துருக்களைக் கையாளும் விதம். கோப்பில் எழுத்து சரியாகவே இருக்கும்.

## மேக்ரோ

தட்டிய விசைகளைப் பதிவுசெய்து, வேண்டியபோது மறுபடி ஓட்டுவதே மேக்ரோ. மற்றவை கைக்கு வந்தபிறகு, மூன்றாவது வாரம்போல் இதைத் தொடுங்கள். ஐம்பது வரிப் பட்டியல் இருக்கிறது. ஒவ்வொரு வரியையும் மேற்கோளுக்குள் வைத்து இறுதியில் காற்புள்ளி போட வேண்டும். முதல் வரியில் நின்று ‘கியூ ஏ’ தட்டுங்கள். ‘ஏ’ என்ற கிடங்கில் பதிவு தொடங்கும். ‘ஷிஃப்ட் ஐ’, மேற்கோள் குறி, எஸ்கேப். ‘ஷிஃப்ட் ஏ’, மேற்கோள் குறி, காற்புள்ளி, எஸ்கேப். ‘ஜே’ தட்டி அடுத்த வரி. ‘கியூ’ தட்டிப் பதிவை நிறுத்துங்கள்.

அட் குறி, ‘ஏ’ தட்டி இரண்டாவது வரியில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். சரியாக வந்தால் 48, அட் குறி, ‘ஏ’. எண்ணத் தோன்றாவிட்டால் 100 என்றே கொடுக்கலாம். கடைசி வரியில் ‘ஜே’ கீழே போக முடியாமல் தோற்கும்; ஒரு அடி தோற்றதும் விம் மேக்ரோவையே நிறுத்திவிடும். பட்டியலுக்குக் கீழே வேறு உரை இருந்தால் மட்டும் சரியான எண்ணைக் கொடுங்கள். வரிகளின் நீளம் வேறுபட்டாலும் இது பிசகாததற்குக் காரணம், ‘ஷிஃப்ட் ஐ’யும் ‘ஷிஃப்ட் ஏ’யும் கர்சர் எங்கே நின்றாலும் சரியான இடத்துக்குத் தாங்களே போவது. பதிவுக்குள் ‘எல்’லை நாலு தடவை தட்டி நகர்ந்திருந்தால் அடுத்த வரியிலேயே தவறான இடத்தில் எழுதியிருக்கும்.

ஏதாவது ஒரு விசை என்ன செய்கிறது என்று தெரியவில்லையென்றால் கோலன், ‘ஹெல்ப்’, இடைவெளி, அந்த விசை, என்டர். உதவிப் பக்கத்தில் வண்ணத்தில் தெரியும் சொல்மேல் நின்று ‘கண்ட்ரோல்’ உடன் வலது சதுர அடைப்பு தட்டினால் அதன் விளக்கத்துக்குப் போகும். ‘கண்ட்ரோல் ஓ’ திரும்பக் கொண்டுவரும். மூடுவதற்கு, முதலில் சொன்ன அதே கோலனும் கியூவும்தான், ஆச்சரியக்குறி வேண்டாம்.